ஹிரோஷிமாவுக்கு வேலைக்குப் போகிறேன். நான் படித்த ஜப்பானியம் அங்கே எடுபடுமா?

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்3 நிலை தேறிவிட்டேன், ஹிரோஷிமா பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சேரப் போகிறேன், அங்கே ஏற்கெனவே இருக்கும் நண்பர் "நீ படித்த ஜப்பானியம் இங்கே எடுபடாது" என்கிறார், இது கோவைத் தமிழுக்கும் நெல்லைத் தமிழுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரியா, இல்லை வேறு மொழியேவா, இப்போதே அதைத் தனியாகப் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வட்டார வழக்கைப் பற்றியது போல இருந்தாலும், உள்ளே இருக்கும் கவலை வேறு என்று நினைக்கிறேன். கண் விழித்துப் படித்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்பதுதான் அது. வீணாகாது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதும் வெறும் பயமுறுத்தல் இல்லை. எங்கே இடிக்கும், எங்கே இடிக்காது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்ப்பவன். காதால் கேட்டுப் பழகியது ஒஸாக்கா, ஹிரோஷிமா, ஃபுகுவோகா பக்கத்துப் பேச்சு. வடகிழக்கு, ஒகினாவா பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் உச்சரிப்பு தோராயமாகத்தான் வரும்.

முதலில் நடைமுறை. இன்று ஜப்பானில் பள்ளிக்கூடம் போனவர் எவருக்கும் பொதுமொழி தெரியும். புதிதாக வந்த வெளிநாட்டவரிடம் நேருக்கு நேர் பேசும்போது பெரும்பாலோர் தாமாகவே அதற்கு மாறிவிடுவார்கள். கூட்டத்தில், பயிற்சி வகுப்பில், மருத்துவமனையில், வார்டு அலுவலகத்தில் நீங்கள் படித்த தேஸு, மஸு என்ற மரியாதை முடிவுகள் அப்படியே செல்லும். சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, அவர்கள் தங்களுக்குள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்கும்போது. இன்னொன்று, அவசரத்தில் உங்களைப் பார்த்துக் கத்தும்போது. அவசரத்தில் யாரும் பாடப்புத்தகம் மாதிரிப் பேச மாட்டார்கள். தொழிற்சாலையில் இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

ஜப்பானின் முதன்மைத் தீவில் பேச்சைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கும் ஒரு கோடு உண்டு. வடக்கே ஜப்பான் கடலோரம் நீகாத்தா மாநிலத்து இத்தோயிகாவா, தெற்கே ஷிஸுவோகா மாநிலத்து ஹமனா ஏரி, இரண்டுக்கும் நடுவே ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகள். 1902இல் அரசு ஒரு தேசிய மொழி ஆய்வுக் குழுவை அமைத்து நாடு முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பியது. அந்தக் கணக்கெடுப்பில்தான் இந்தக் கோடு முதலில் தெளிவாக வெளிப்பட்டது. ஒரே கோடு என்று சொல்வது வசதிக்காகத்தான். ஒவ்வொரு இலக்கணக் கூறுக்கும் எல்லை கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். ஆனாலும் பல எல்லைகள் இந்தப் பக்கமாக நெருங்கி ஓடுகின்றன என்பதில் ஐயமில்லை.

அந்தக் கூறுகளைத் தெரிந்துகொண்டால் மேற்குப் பேச்சில் பாதி பிடிபட்டுவிடும். நீங்கள் வாக்கிய முடிவில் 'டா' என்று படித்தது ஹிரோஷிமாவில் 'ஜா', ஒஸாக்காவில் 'யா'. எதிர்மறைக்கு நீங்கள் படித்த 'நை' மேற்கில் வெறும் 'ன்': தபெநை (சாப்பிட மாட்டேன்) என்பது தபென், ஷிரநை (தெரியாது) என்பது ஷிரன். ஆள் இருப்பதைச் சொல்ல 'இரு' என்று படித்தீர்கள். அங்கே 'ஒரு' என்பார்கள். காரணம் சொல்லும் 'கரா' ஹிரோஷிமாவில் 'கே' அல்லது 'கென்'. 'வாங்கினேன்' என்பதற்கு டோக்கியோவில் கத்தா, மேற்கில் கோத்தா. இதில் ஒரு பொறி இருக்கிறது. மேற்கின் பழைய வழக்கில் கத்தா என்றால் 'இரவல் வாங்கினேன்' என்று பொருள். டோக்கியோக்காரர் அதற்குக் கரித்தா என்பார். கருவியை ஒருவர் விலைக்கு வாங்கினாரா, பக்கத்துப் பிரிவிலிருந்து இரவல் வாங்கி வந்தாரா என்பது இந்த ஒரு சொல்லில் புரளும். இளையவர்களிடம் இந்தப் பழைய கத்தா குறைந்துவிட்டது. வயதானவர் வாயில் கேட்டால் ஒரு நொடி யோசியுங்கள்.

இப்போது உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயன்படப்போகிற ஒன்றைச் சொல்கிறேன். எண்ணெய்க் கசிவு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் படித்த மொரெத்தே இரு என்ற வடிவம், எண்ணெய் இப்போது கசிந்துகொண்டிருக்கிறது என்பதையும் குறிக்கும், கசிந்து தரையில் கிடக்கிறது என்பதையும் குறிக்கும். சூழ்நிலையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஹிரோஷிமாப் பேச்சில் இந்தக் குழப்பமே கிடையாது. மொரெயொரு என்றால் கசிந்துகொண்டிருக்கிறது. மொரெத்தொரு என்றால் கசிந்திருக்கிறது. ரயில் கியொரு என்றால் வந்துகொண்டிருக்கிறது, கித்தொரு என்றால் வந்து நிற்கிறது. தமிழர் இதற்காகத் தனியே எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'கொண்டிருக்கிறது', 'இருக்கிறது' என்று நாம் பிரித்துச் சொல்லும் அதே பிரிவினைதான் இது. டோக்கியோவில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தடுமாற்றம், உங்களுக்கு இல்லை. ஹிரோஷிமா இருக்கும் சுகோகு பகுதி, ஷிகோகு, கியூஷூ தீவுகள் முழுக்க ஏதோ ஒரு வடிவில் இந்த வேறுபாடு உண்டு. ஆனால் இன்றைய இளையவர்களில் பலர் 'தொரு'வை இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதனால் 'யொரு' காதில் விழுந்தால் நடந்துகொண்டிருக்கிறது என்று உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். 'தொரு' விழுந்தால், பேசுகிறவரின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒஸாக்காவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே 'யொரு' சேர்த்துப் பேசினால், அந்த மூன்றாம் ஆளைக் கொஞ்சம் மட்டமாகச் சொல்கிறார் என்று அர்த்தம்.

சொற்களில் பெரும்பாலானவை போகப்போகத் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நவோஸு என்றால் 'பழுது பார்' என்று படித்திருப்பீர்கள். மேற்கில் பல இடங்களில் அதற்கு 'எடுத்து வை, இருந்த இடத்தில் வை' என்றும் பொருள். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மேற்பார்வையாளர் ஸ்பானரை நீட்டி "கொரே, நவோஷிதோய்தே" என்றால், அதில் என்ன கோளாறு என்று திருப்பித் திருப்பிப் பார்க்காதீர்கள். கருவிப் பலகையில் அதன் இடத்தில் மாட்டுங்கள். மற்றபடி புச்சி என்றால் 'ரொம்ப', தய்கீ என்றால் 'அசதியாக இருக்கிறது'. ஹிரோஷிமாவில் முதல் நாளே இரண்டையும் கேட்பீர்கள்.

உச்சரிப்பின் ஏற்ற இறக்கத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஹஷி என்ற சொல்லை டோக்கியோவில் முதல் அசையை உயர்த்தி இரண்டாவதைத் தாழ்த்திச் சொன்னால் சாப்பிடும் குச்சி; தாழ்த்தி உயர்த்தினால் பாலம். கியோட்டோ, ஒஸாக்காவில் இது அப்படியே தலைகீழ். இலக்கணத்தில் மேற்கைச் சேர்ந்த ஹிரோஷிமா, இந்த ஏற்ற இறக்கத்தில் மட்டும் டோக்கியோ வகையைச் சேர்ந்தது. எனவே நீங்கள் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகியது அங்கே பெரிதாக இடறாது. கிழக்கில் ஃபுகுஷிமா, இபராக்கி, தொச்சிகி, தெற்கில் மியாஸாக்கி ஆகிய பகுதிகளின் பழைய பேச்சில் இப்படி ஏற்ற இறக்கத்தால் சொற்களைப் பிரிக்கும் வழக்கமே கிடையாது.

சரி, ஏன் இவ்வளவு வேறுபாடு? பலர் நினைப்பதுபோல டோக்கியோப் பேச்சு மூலமும் மற்றவை அதன் சிதைவும் அல்ல. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷூ என்ற பாடல் திரட்டின் 14ஆம் தொகுதி முழுக்கக் கிழக்கு நாட்டுப் பாடல்கள். அவற்றின் மொழி அன்றைய தலைநகரான நாராவின் மொழியிலிருந்து தெளிவாக வேறுபட்டிருக்கிறது. ஏவல் வினையில் வரும் 'ரோ' அங்கே உண்டு. நீங்கள் தபெரோ (சாப்பிடு), மிரோ (பார்) என்று பாடத்தில் படித்தது அந்தக் கிழக்குப் பேச்சின் எச்சம்தான். மேற்கின் வடிவத்தில் ரோ கிடையாது. கிழக்கின் 'நை'யும் அதே பாடல்களில் உள்ள பழைய எதிர்மறையிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்னும் தீராத விவாதம், எனவே அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் ஜுவாவ் ரொட்ரிகேஸ் 1604க்கும் 1608க்கும் இடையில் நாகஸாக்கியில் அச்சிட்ட ஜப்பானிய இலக்கணத்தில் ஒரு பழமொழியைப் பதிந்திருக்கிறார்: "கியோ எ, ட்சுகுஷி நி, பாண்டோ ஸா." ஓர் இடத்தை நோக்கிப் போவதைச் சொல்லக் கியோட்டோக்காரர் 'எ' என்பார், கியூஷூக்காரர் 'நி' என்பார், கிழக்கத்தியர் 'ஸா' என்பார் என்று அர்த்தம். அந்த 'ஸா' வடகோடியில் அவொமோரி மாநிலத்து ட்சுகாருவில் இன்றும் இருக்கிறது. வழியில் சந்திக்கும் இருவர் "தோஸா?", "யுஸா" என்று பேசிக்கொள்வது ஜப்பான் முழுக்கத் தெரிந்த எடுத்துக்காட்டு. 'எங்கே போகிறாய்?', 'வெந்நீர்க் குளியலுக்கு' என்பதுதான் அந்த உரையாடல் முழுவதும். கிழக்கத்தியர் எதிர்மறைக்கு 'நை' சொல்கிறார்கள் என்பதையும் ரொட்ரிகேஸ் குறித்திருக்கிறார். அவர் காலத்தில் மதிப்பான மொழி கியோட்டோவின் மொழி. கிழக்குப் பேச்சு அவர் காதுக்குக் கரடுமுரடாகப் பட்டது. இன்று அந்தக் கிழக்குப் பேச்சின் வாரிசுதான் பொதுமொழியாக உட்கார்ந்திருக்கிறது.

அது எப்படி நடந்தது என்பதற்குத் தெளிவான ஆவணங்கள் உண்டு. 1868இல் ஆட்சி பேரரசர் கைக்குத் திரும்பிய மெய்ஜி மாற்றத்துக்குப் பிறகு தலைநகரம் டோக்கியோ. 1895இல் மொழியறிஞர் உவேதா கஸுதோஷி, டோக்கியோவில் படித்தவர்கள் பேசும் மொழியைப் பொதுமொழியாக்க வேண்டும் என்று எழுதினார். 1904 முதல் அரசே தயாரித்த பாடநூல்கள் அந்த மொழியில் வந்தன. 1925இல் வானொலி. ஆக, ஊர்ப் பேச்சுகள் நெடுங்காலப் பழமை உடையவை, பொதுமொழியின் வயது நூற்றைக் கொஞ்சம் தாண்டியது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மவர்கள் சிலர் அங்கே போய் "இவர்கள் ஜப்பானியத்தைத் தப்பாகப் பேசுகிறார்கள்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். மொரெயொரு, மொரெத்தொரு என்று பிரித்துச் சொல்லும் பேச்சு எந்தக் கணக்கில் தப்பு?

'இரு' என்ற வினையைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு ஆவல் கிளம்பும். அறிஞர் ஓனோ சுசுமு தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று நீண்டகாலம் வாதாடியது உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. இந்த 'இரு'வின் பழைய வடிவம் 'வி' என்ற ஒலியில் தொடங்கியது, எனவே ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் சான்று போதாத இடத்தில் பற்றை நிரப்பக் கூடாது.

சான்று போதாத கதைகள் ஜப்பானிலும் நிறைய உலவுகின்றன. வடகிழக்கான தோஹோகுவில் ஷி, சு இரண்டும் ஒன்றாகிவிடும். சுஷியும், புகைக்கரியைக் குறிக்கும் சுசுவும், சிங்கத்தைக் குறிக்கும் ஷிஷியும் பழைய பேச்சில் ஒரே மாதிரி ஒலிக்கும். சொல்லின் நடுவில் வரும் வல்லொலிகள், நாம் 'படம்' என்பதில் ட-வை மென்மையாக்குவது போல, மென்மையாகும். குளிருக்குப் பயந்து வாயைத் திறக்காமல் பேசியதால் இப்படி ஆனது என்பார்கள். ஆனால் அதே ஷி, சு கலப்பு மேற்கே ஷிமானே மாநிலத்து இஸுமோவிலும் இருக்கிறது. அங்கே தோஹோகுவின் குளிர் இல்லை, எனவே குளிர் விளக்கம் நிற்காது. அதேபோலத் தெற்குக் கோடியான ககோஷிமாவில் குச்சி, குத்சு, குபி, குகி என்று வாய், காலணி, கழுத்து, ஆணி ஆகிய நான்குக்கும் உள்ள சொற்கள் கடைசி உயிரை இழந்து, தொண்டையில் சட்டென்று நிறுத்தும் ஒரே 'குத்' ஆகிவிடும். ஒற்றர்களுக்குப் புரியாமலிருக்க அந்த நாட்டுப் பிரபுக்கள் உருவாக்கிய பேச்சு என்று கதை சொல்வார்கள். ஒரு பகுதியின் ஒலியமைப்பை ஆணை போட்டு மாற்ற முடியாது. அது தானாக நடந்த ஒலிமாற்றம்தான்.

நாட்டார் வழக்காற்று அறிஞர் யனாகிதா குனியோ 1930இல் நூலாக வெளியிட்ட நத்தை ஆய்வு இந்தக் கதைகளைப் போன்றதல்ல. அது கனமான ஆராய்ச்சி. நத்தையைக் குறிக்கும் சொற்களை வரைபடத்தில் குறித்தபோது, கியோட்டோவைச் சுற்றி ஒரு சொல், அதற்கு வெளியே இருபுறமும் இன்னொன்று, அதற்கும் வெளியே வேறொன்று என்று வளையம் வளையமாக விழுந்தது. தலைநகரில் புதுச் சொல் பிறந்து வெளியே பரவ, பழையவை ஓரங்களில் தங்குகின்றன என்று அவர் விளக்கினார். சொற்கள் பலவற்றுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் உச்சரிப்பின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்தவில்லை. அதில் பழமையை அதிகம் காத்து வைத்திருப்பது நடுவிலுள்ள கியோட்டோ, மாறிப்போனது ஓரங்கள் என்பதே மொழியறிஞர் கிந்தாஇச்சி ஹருஹிகோ போன்றோரின் கருத்து. எனவே யனாகிதாவின் கருத்தை எல்லாவற்றுக்குமான சாவியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நூல்களில் படிப்பதில் இன்னொரு எச்சரிக்கை. 1948இல் தொடங்கப்பட்ட தேசிய ஜப்பானிய மொழி ஆய்வு நிறுவனம் 2,400 இடங்களில் ஆய்வு செய்து, 1966 முதல் 1974 வரை 300 வரைபடங்களை வெளியிட்டது. அற்புதமான வேலை. ஆனால் அதில் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளிலும் பிறந்தவர்கள். உங்களோடு வேலை செய்யப்போகும் இருபத்தைந்து வயதுக்காரர் அந்த வரைபடத்தில் இருப்பதில் ஒரு பங்கைத்தான் பேசுவார்.

'வேறு மொழியேவா' என்ற உங்கள் கேள்விக்கு ஒரே ஓர் இடத்தில் ஆமாம் என்று பதில் சொல்ல வேண்டும். அது தெற்குத் தீவுகள். ஒகினாவா, மியாகோ, யயேயாமா, யொனகுனி தீவுகளின் மொழிகளும் ஜப்பானியமும் ஒரே குடும்பம். ஆனால் ஒன்றைப் பேசுபவருக்கு மற்றது புரியாது. மழைக்கு ஜப்பானியத்தில் அமே, ஒகினாவாவில் அமி. மனதுக்குக் கொகொரோ, அங்கே குகுரு. பூவுக்கு ஹனா என்பது மியாகோவில் பனா. ஜப்பானியத்தில் பின்னாளில் ஹகரமாகிவிட்ட பழைய பகரம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. 1879இல் இந்தத் தீவுகளை ஆண்ட ரியூக்யூ அரசு கலைக்கப்பட்டு ஒகினாவா மாநிலமானது. பின்னர் பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் 'வட்டாரப் பேச்சு அட்டை' என்று ஒரு பலகையை மாட்டினார்கள். அடுத்து எவன் பேசி மாட்டுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். பிள்ளைகளே ஒருவரையொருவர் வேவு பார்க்க வைத்த ஏற்பாடு அது. 2009இல் யுனெஸ்கோ, ஜப்பானில் அழியும் ஆபத்தில் உள்ள மொழிகள் என்று எட்டைப் பட்டியலிட்டது. அதில் ஆறு இந்தத் தெற்குத் தீவுகளின் மொழிகள், மற்றவை வடக்கே ஐனு மக்களின் மொழியும், டோக்கியோவுக்குத் தெற்கே ஹச்சிஜோ தீவின் மொழியும். இவற்றை 'வட்டார வழக்கு' என்று சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஹிரோஷிமாவின் நிலை இது அல்ல. அங்கே நடப்பது ஒரே மொழிக்குள் உள்ள வேறுபாடு. கோவை, நெல்லை ஒப்பீடு அதற்குப் பொருந்தும். என்ன, இலக்கண முடிச்சுகள் கொஞ்சம் கூடுதல்.

கடைசியாக, நீங்களும் அப்படிப் பேச வேண்டுமா? முதல் ஆண்டு வேண்டாம் என்பேன். காதுக்கு மட்டும் பழக்குங்கள். கார்ட்டூன்களில் வயதான குருமார்கள் 'நான்' என்பதற்கு 'வாஷி' என்றும், முடிவில் 'ஜா' என்றும் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஹிரோஷிமாவில் 'ஜா' இளம்பெண்கள் வாயிலும் வரும் அன்றாடப் பேச்சு, அதைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். ஆனால் நீங்கள் 'வாஷி' என்று தொடங்கினால் வேடிக்கையாகத்தான் போய் முடியும். ஒஸாக்கா நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கற்ற 'யா', எதிர்மறைக்கு வரும் 'ஹென்' ஆகியவற்றையும் அங்கே கொண்டுபோக வேண்டாம். 'கே', 'கென்' மட்டும் சில மாதங்களில் உங்களை அறியாமலே நாக்கில் ஏறும். அதைத் தடுக்க வேண்டியதில்லை, கேட்பவர்களுக்கும் பிடிக்கும். பெரியவர்களிடமும் மேலாளர்களிடமும் தேஸு, மஸுவை விடாதீர்கள்.

முதல் வாரத்தில் 'ன்', 'ஜா', 'கே' மூன்றையும் மட்டும் பிடியுங்கள். அடுத்து 'யொரு', 'தொரு'. எண்ணெய், மின்சாரம், அழுத்தம், இயந்திரம் நிற்பது, ஓடுவது பற்றி யாராவது சொல்லி உங்களுக்கு அரைகுறையாகப் புரிந்தால், தலையாட்டிவிட்டுப் போகாமல் "சுமிமஸேன், மோ இச்சிதோ ஒநெகாய் ஷிமஸு", அதாவது மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேளுங்கள், பிறகு "இமா, உகோய்தே இமஸு கா? தொமத்தே இமஸு கா?", அதாவது இப்போது ஓடுகிறதா, நிற்கிறதா என்று உங்கள் பாடப்புத்தக ஜப்பானியத்திலேயே உறுதி செய்துகொண்டு கை வையுங்கள். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.